பின்பக்கத்து இடது போல்ட்

அன்பு மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குப் பொறுமை இல்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டாயா, அதை முதலில் சொல். போன வாரம் நீ போனில், "நேத்து இங்க லேசா ஆடிச்சும்மா, டீ கிளாஸ் மேஜை மேல தானா நடந்து போச்சு" என்று ஏதோ சர்க்கஸ் பார்த்த மாதிரி சொன்னாய். உன் நாற்காலி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆள் உயர மின்சாரப் பேனல் வரிசைக்கு முதுகைக் காட்டி, ஒரு முழம் தள்ளி என்றாய். உடனே தள்ளிப் போடு என்றேன். நீ சிரித்தாய். "யம்மா, ஆரம்பிச்சிட்டியா?" என்றாய். பிறகு லைன் போய்விட்டது. இரண்டு நாளாக அனுப்பிய செய்தி எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அந்த மலை மின் நிலையத்தில் போன் எப்போது எடுக்கும் என்று உனக்கே தெரியாது. அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே இங்கிலீஷில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், அது உன் மேலதிகாரிக்கு. இந்தத் தமிழ்க் கடிதம் உனக்கு. ஆனாலும் இது ரகசியம் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

நீ சிரித்ததில் தப்பில்லை. உன்னை அப்படிச் சிரிக்க வைத்தது நான்தான். கரையான்சாவடியில் நம் தெருவிலேயே பீரோவுக்கு இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு முடுக்கி வைத்திருப்பது நம் வீட்டில் மட்டும்தான். தண்ணீர் கேன் ஸ்டாண்ட், டி.வி., மாதா படம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ஸ்குரூ இருக்கும். காட்டுப்பாக்கம் மண்டபத்தில் உன் சித்தி மகள் கல்யாணத்தின்போது, மேடை ஓரத்து லைட் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, அதன் காலில் மணல் மூட்டை வைத்தால்தான் ஆச்சு என்று நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்த பார்வையில் உன் சித்தி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நீ வேலையில் சேரக் கிளம்பிய அன்று சென்ட்ரலில் மேல் பெர்த் சங்கிலியைப் பிடித்து நான் தொங்காத குறை. கீழ் சீட்டுக்காரர் மிரண்டு போனார். "எங்க அம்மாவுக்கு லேப் புத்தி சார், எதயும் ஆட்டிப் பாக்காம விடாது" என்று நீதான் அவரைச் சமாதானப்படுத்தினாய். கண்ணா, அது லேப் புத்தி இல்லை. என்னோடு சோதனை லேபில் வேலை பார்த்த யாரும் வீட்டில் இப்படிச் செய்ததில்லை. அது பயம். எந்த நாளில் ஆரம்பித்தது என்பதுகூட எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்து இரண்டு தடவை எழுந்து போய்விட்டு, கேஸ் சிலிண்டர் வால்வைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் நீ ஒரு படம் அனுப்பினாய். கண்ட்ரோல் ரூம் அலமாரியை ஒழித்தபோது, உனக்குப் பின்னால் நிற்கிற பேனல்களின் நிலநடுக்கச் சோதனை ரிப்போர்ட் கிடைத்ததாம். கடைசிப் பக்கத்தில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் என் பெயர், என் கையெழுத்து. "அம்மா பேரு இங்க கீதுப்பா!" என்று குடும்ப குரூப்பில் போட்டாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டுக்குள் தாய் ஆட்டிப் பார்த்த ரகம், நாட்டின் அந்தக் கோடியில், பூமி அடிக்கடி ஆடுகிற மலையில், மகனுக்குப் பின்னால் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? உன் அப்பா தன் ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினார். 'அப்படியானால் நாம் பத்திரம்' என்று உன் அதிகாரி உன் தோளைத் தட்டினார் என்றும் எழுதியிருந்தாய். நான் படத்தைப் பெரிதாக்கி என் கையெழுத்தை ரசித்தேன். அப்புறம்தான் அதற்குக் கீழே இருந்த தேதி கண்ணில் பட்டது. கையிலிருந்த தோசைக்கரண்டியை எங்கே வைத்தேன் என்று அதன்பிறகு வீடெல்லாம் தேடினேன். நீ தேதியைக் கவனித்திருக்க மாட்டாய். நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது உன் பள்ளி ஆண்டு விழா நடந்த நாள் அது.

எங்கள் வேலை எப்படி என்று உனக்கு ஓரளவு தெரியும். ஆனாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்தது புரியும். ஒரு ரகத்தில் ஒரே ஒரு பேனல்தான் எங்களிடம் சோதனைக்கு வரும். அந்த ரகம் போய் நிற்கப்போகிற இடத்தில் தரையோடு எப்படி முடுக்கப்படுமோ அப்படியே எங்கள் மேசையில் முடுக்குவோம். மேசை என்றால் நாலு பேர் படுக்கிற அளவுக்கு ஒரு இரும்புப் பலகை. எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற தண்டுகள் அதை முன்னும் பின்னும் மேலும் கீழும் தள்ளும். முதலில் மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவோம், எந்த வேகத்தில் எது நடுங்குகிறது என்று பார்க்க. மிக்ஸி ஓடும்போது அலமாரியில் ஒரே ஒரு டம்ளர் மட்டும் கிணுகிணு என்று ஆடுமே, அந்த மாதிரி. பிறகு ஐந்து சின்ன நிலநடுக்கம், கடைசியாக ஒரு பெரியது. அத்தனை ஆட்டத்திலும் பெட்டிக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், உள்ளே ஒரு ரிலே சுவிட்சுகூடத் தப்பாக விழக்கூடாது. இதில் என் பங்கு போல்ட். வேண்டிய அளவு இறுகியதும் 'டக்' என்று சொல்கிற டார்க் ரெஞ்சால் இறுக்கிவிட்டு, போல்ட் தலையிலிருந்து கீழ் இரும்பு வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுவேன். போல்ட் துளி சுழன்றாலும் கோடு இரண்டாக விலகிவிடும். எல்லா ஆட்டமும் முடிகிறவரை அந்த போல்ட்டை யாரும் தொடக்கூடாது. கோடு விலகினால் நிறுத்த வேண்டும், எழுத வேண்டும், பேனல் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். இதில் பெரிய அறிவியல் ஒன்றும் இல்லை. தொடாமல் இருந்தால் போதும்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வராத ஆண்டு விழா அதற்கு முன்னால் இரண்டு. ஒன்றில் நீ வண்ணத்துப்பூச்சி, இன்னொன்றில் தபால்காரர். இரண்டு தடவையும் சோதனை இழுத்துவிட்டது. மூன்றாவது வருஷம் நீ என்னைக் கேட்கவே இல்லை. அழைப்பிதழை மட்டும் என் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தாய். எஸ்டேட் ஸ்டாப்பில் இறங்கும்போதுதான் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில், "நீ வரலன்னா பரவால்லமா" என்று எழுதியிருந்தாய். பத்து வயசுப் பிள்ளைக்கு அந்தப் 'பரவால்ல' எங்கிருந்து வந்தது? காலையிலிருந்து அதே நினைப்பு. கார்டை ஓவர்கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். என்னை ஆட்டிப் பார்க்க அவ்வளவு பெரிய மேசையெல்லாம் தேவைப்படவில்லை.

மூன்று சின்ன ஆட்டம் முடிந்து பேனல் கம்பெனிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் இன்ஜினீயரும் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். மேசையருகில் நானும் கிரேன் ஓட்டுகிற தேவராஜ் அண்ணனும் மட்டும்தான். அவர்தான் குனிந்து பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, பின்னாடி லெஃப்ட்டு போல்ட்டு... கோடு நவுந்துக்கினு கீது பாரு."

ஒரு அரிசி அகலத்துக்கு விலகியிருந்தது. கையை வைத்ததுமே காரணமும் புரிந்துவிட்டது. பெட்டியின் அடிச் சட்டத்துத் தகடு மெல்லிசு. ஆடும்போது தகடு வளைந்து கொடுக்கிறது, போல்ட் பிடியை விடுகிறது. முழுக்க விட்டால் பெட்டியே சாயும். இதைச் சொன்னால் சோதனை அன்றோடு நின்றுவிடும். தடித்த தகடு போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து நான் எழுத வேண்டும், ஒவ்வொருவர் கேள்விக்கும் நின்று பதில் சொல்ல வேண்டும். மணி ஒன்றேகால். பூந்தமல்லியில் விழா ஐந்து மணிக்கு. ரெஞ்சை எடுத்தேன். டக் என்றது. பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் பழைய கோட்டைத் துடைத்தேன், புதுக் கோடு போட்டேன்.

"இன்னா பண்ற நீ?" என்றார் தேவராஜ் அண்ணன்.

"எம் புள்ள ஸ்கூல்ல நாடகம்ண்ணே. ரெண்டு வருஷமா போவல."

அவர் என்னைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார். "நா ஒண்ணியும் பாக்கல" என்று சொல்லிவிட்டு கிரேன் ஏணியில் ஏறிவிட்டார்.

மீதி மூன்று ஆட்டத்துக்குப் புது இறுக்கம் தாங்கியது. கோடு விலகவில்லை. பேனல் பாஸ் என்று எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றரைக்கு வெளியே வந்தேன், ஓடாத குறையாக பஸ் பிடித்தேன். அந்த ரகத்தில் செய்த ஒவ்வொரு பேனலும் என் கையெழுத்தை நம்பி, அதே மெல்லிசுத் தகட்டோடுதான் ஊர் ஊராகப் போனது.

விழாவில் நீ காவல்காரன். உனக்கு ஒரே ஒரு வசனம். "யாரது? அப்படியே நில்!" ராஜாவைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை, இரண்டாவது வரிசையில் என்னைக் கண்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்துச் சொன்னாய். கூட்டமே சிரித்தது. ராஜா தன்பாட்டுக்கு அரண்மனைக்குள் போய்விட்டார். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் நீ விடமாட்டாய். "அன்னிக்கு அம்மா வந்துட்டாங்க" என்றுதான் எப்போதும் முடிப்பாய். அந்த இடம் வரும்போதெல்லாம் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். காபி போடப் போகிறேன் என்று நீ நினைத்திருப்பாய்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய நோன்பில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, "வேலையில் ஒரு தப்பு செய்துவிட்டேன் ஃபாதர்" என்றேன். என்ன தப்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதனால் அந்தத் தகடு ஒரு நூல்கூடத் தடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவை ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. அடுத்த நாள் பட்டையும் ஸ்குரூவும் வாங்கி வந்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது. ஆட்டிப் பார்க்க வேண்டிய பெட்டியை விட்டுவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் இத்தனை வருஷமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் பலன், நிஜமாகவே ஆபத்து என்று நான் கத்தும்போது என் பிள்ளை சிரிக்கிறான்.

உன் டீ கிளாஸ் கதை கேட்டதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வேலை முடிந்து வரும்போது இரண்டு நாள் கரையான்சாவடியைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாங்காட்டுக்கு பஸ் ஏறினேன். தேவராஜ் அண்ணன் ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த மஞ்ச கோடு எனக்கும் மறக்கலம்மா" என்றார். "எழுது. நவுந்துச்சுன்னு மொதல்ல சொன்னது நான்னு சேத்து எழுது. பாத்துட்டு பாக்கலன்னு சொன்னேன்ல, அத்தயும் எழுது. நீ ஒருத்தியா போயி நிக்காத."

எழுதிவிட்டேன். திங்கட்கிழமை லேப் மேனேஜர் அறைக்குப் போனேன். உன்னைவிடப் பத்து வயசு மூத்திருப்பார், அவ்வளவுதான். நல்ல பிள்ளை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மேடம், இன்னும் மூணு மாசத்துல ரிடையர் ஆகப் போறீங்க. எவ்ளோ பழைய ரிப்போர்ட் இது. யாரும் கேக்கலையே?"

"கேக்க வேண்டியவன் அந்தப் பேனலுக்கு முன்னாடி உக்காந்துனு கீறான் சார். எம் பையன்."

எஸ்டேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தும் எந்த மேனேஜர் முன்னாலும் எனக்கு இப்படி வீட்டுத் தமிழ் வந்ததில்லை. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். எழுதிக் கொடுங்கள் என்றார். கையோடு கொண்டு போயிருந்ததை மேஜை மேல் வைத்தேன். மேலே கேட்க வேண்டும், மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும், விசாரணையும் வரும் என்றார். வரட்டும். பேனல் கம்பெனிக்கும் ஒரு நகல் போய்விட்டது. கடைசி நாளில் எனக்குச் சால்வை போட்டு போட்டோ எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள், இப்போது நான் போனால் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. வலிக்கத்தான் செய்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

நகல் எடுத்தது உன் அப்பா கடையில்தான். வேறு கடைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. அவருக்கு வாயால் சொல்லத் தைரியம் வராமல், காகிதத்தை நீட்டிவிட்டு வாசலைப் பார்த்து நின்றேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் முதல் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், காலித் தாளாக வந்து விழுந்துகொண்டிருக்கிறது.

"இத்தினி வருஷம் எனக்கே சொல்லலியே" என்றார். கோபமா, அழுகையா, எனக்கே புரியவில்லை. அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எத்தினி காப்பி வேணும்?" என்றார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வரிசையில் ஒவ்வொரு பேனலின் அடியையும் பார்க்க வேண்டும், பின்பக்கத்து இடது போல்ட்டை முதலில். நீ தனியாகத் திறக்காதே. உள்ளே மின்சாரம் இருக்கிறது, முறைப்படி அனுமதி வாங்கி, ஆள் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தடித்த தகட்டை போல்ட்டுக்கு அடியில் கொடுத்து, பேனல்களின் தலையை ஒன்றோடொன்று சேர்த்துச் சுவரோடு கட்டினால் கம்பெனிக்காரர்கள் வருகிறவரைக்கும் தாங்கும் என்று நினைக்கிறேன். இங்கிலீஷ் பக்கத்தில் வரைந்தே காட்டியிருக்கிறேன். இதெல்லாம் உனக்கு எளிது. கஷ்டமானது வேறொன்று. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றும். அதிகாரியிடம் கடிதத்தைக் கொடுக்காமல், ஒரு ரெஞ்சை எடுத்து யாருக்கும் தெரியாமல் நீயே இறுக்கிவிட்டால் என்ன, அம்மா பேரும் தப்பிக்கும், பேனலும் நிற்கும் என்று தோன்றும். தோள் தட்டினவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கூச்சமாக இருக்கும். நீ என் பிள்ளை, உனக்குத் தோன்றாமல் இருக்காது. மூன்று நிமிஷ வேலைதான், எனக்குத் தெரியும். செய்யாதே. போல்ட் எப்படி இருக்கிறதோ அப்படியே முதலில் படம் எடு. அவர்களைக் கூப்பிட்டுக் காட்டு. எழுது. அதற்குப் பிறகு இறுக்குங்கள்.

உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நீ அந்தப் படத்தை அனுப்பாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா? மாட்டேன். சால்வையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அந்த ரகப் பேனல் இன்னும் எத்தனை கண்ட்ரோல் ரூமில் நிற்கிறதோ, ஒவ்வொன்றின் முன்னாலும் யாரோ பெற்ற பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்காக எனக்கு வாய் திறக்கவில்லை, உனக்காகத்தான் திறந்தது. இதற்கு எந்த மந்திரம் சொன்னால் போகும் என்று தெரியவில்லை. அந்த நாள் திரும்பி வந்தால் என்ன செய்வாய் என்று தேவராஜ் அண்ணன் கேட்டார். ரெஞ்சைத் தொட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மேடையில் உன் முகம் ஞாபகம் வந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன். நான் அன்று வந்ததற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. எதைச் செய்துவிட்டு வந்தேனோ, அதற்குக் கேட்கிறேன். இனிமேல் அந்தக் கதையை யாரிடமாவது சொன்னால், முழுக்கச் சொல். நான் சமையலறைக்குப் போக மாட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

கூரியர்காரர் ஐந்து நாள் என்கிறார். அதுவரை போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன், கறிவேப்பிலை வாங்கப் போனாலும். கோபமாக இருந்தால் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

படித்து முடித்துவிட்டாய். இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்றால், எழுந்திரு.

அம்மா